கிளப் இருந்தால்தான் புள்ளிப்பட்டியல்: கீழ்ப்பிரிவு கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பிரிவுகளில் ஆடும் கிளப்புகளுக்காகத் தொண்டை வறளக் கத்துகிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்தக் கடிதம். நானும் உங்களில் ஒருவன். எந்த கிளப் என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவது நம் எல்லோருக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு சீசனும் பாதியைத் தாண்டியதும் நம் கேலரிகளில் மூன்று கூச்சல்கள் கிளம்புகின்றன. மேனேஜரை மாற்று. அந்த டிஃபெண்டரை உட்கார வை. ஓனரே, பணத்தை இறக்கு. முதல் இரண்டும் கால்பந்து பிறந்த நாளிலிருந்து இருப்பவைதான், அவற்றைப் பற்றிப் பிறகு பேசலாம். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நம்மைப் போன்ற கிளப்புகள் செத்துப்போவது பெரும்பாலும் அந்தக் கூச்சலுக்குப் பணிந்துதான்.

பரி கிளப்பை நினைத்துப் பாருங்கள். 1885-இல் தொடங்கிய கிளப். 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை, அதாவது எல்லாப் பிரிவு கிளப்புகளும் மோதுகிற நாக்-அவுட் கோப்பையை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுன்டியை 6-0 என்று அடித்தார்கள். 1894 முதல் ஆங்கிலேய லீக்கில் இடைவிடாமல் 125 வருடம் ஆடியிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் கடைசியில் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள், நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் அந்த அணியை வைத்துக்கொள்ளும் வருமானம் கிளப்புக்கு இல்லை. வீரர்களுக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக் அவர்களை வெளியேற்றியது. புதிய பிரிவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அந்தக் கடைசி நேரத்தில் யாரோ கிளப்பை வாங்கப்போகிறார்கள் என்ற பேச்சை நம்பி, ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேன் மைதானத்துக்குப் போய் இருக்கைகளைத் துடைத்தார்கள். வருகிற ஆட்டத்துக்கு மைதானம் தயாராக இருக்க வேண்டுமே என்று. வாங்குவதாகச் சொன்னவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, 'மேலே ஏறாத சீசன் வீணான சீசன்' என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

சரி, ஓனர்கள்தானே ஏமாற்றினார்கள், ரசிகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். பரி ரசிகர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இழந்ததற்கு ஈடே கிடையாது. நான் சொல்வது நம் எல்லோரின் பொதுப் பழக்கத்தை. விரலுக்கேற்ற வீக்கம் என்று கணக்குப் பார்த்து கிளப்பை நடத்துகிற ஓனரை நாம் கஞ்சன் என்கிறோம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பணத்தை அள்ளிவீசுகிறவருக்குப் பாட்டுக் கட்டிப் பாடுகிறோம். சீசன் நடுவே ஆள் வாங்க வாய்ப்பிருக்கும் ஜனவரியில் யாரையும் வாங்கவில்லை என்றால் 'லட்சியம் இல்லை' என்று பேனர் பிடிக்கிறோம். கடனை அடைத்ததற்காக எந்த ஓனருக்காவது நாம் பேனர் பிடித்திருக்கிறோமா? கைதட்டல் எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தானே மனிதர்கள் போவார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் நான்காம் பிரிவான லீக் டூவில் இப்போது 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். முதல் மூன்று அணிகள் நேராக மேலே போகின்றன. அடுத்த நான்கு ப்ளே-ஆஃப் ஆடி அதில் ஒன்று போகிறது. கடைசி இரண்டு கீழே இறங்குகின்றன. அதாவது எந்த வருடத்தை எடுத்தாலும் 18 அணிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். எல்லா அணியும் நன்றாக ஆடினாலும் 18 நிற்கும், எல்லா ஓனரும் கோடிகளைக் கொட்டினாலும் 18 நிற்கும். 24 அணியின் ரசிகர்களும் ஆகஸ்டில் 'இந்த வருடம் ஏறியே ஆக வேண்டும்' என்று சபதம் எடுத்தால், இருபது அணிகளின் ரசிகர்கள் மே மாதம் ஏமாந்துபோய்த்தான் வீடு திரும்புவார்கள். அந்த ஏமாற்றத்தை யார் தலையிலாவது இறக்கத்தான் பார்ப்போம். பதினோராவது இடத்தில் முடித்துச் சம்பளமெல்லாம் சரியாகக் கொடுத்து, சொந்த அகாடமியிலிருந்து இரண்டு பையன்களை ஆடவிட்ட ஒரு கிளப் தோற்றுவிட்டது என்று யார் முடிவு செய்தது? எனக்கு அது நல்ல சீசன். வெளிப்படையாகவே சொல்கிறேன், மிக நல்ல சீசன்.

இதற்காக, 'வெறும் விளையாட்டுதானே, விடு' என்று ஆறுதல் சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்காது. சனிக்கிழமை தோற்றால் ஞாயிறு முழுக்க யாருடனும் சரியாகப் பேச வராது, தெரியும். வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் டிவியில் பெரிய அணிகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாமே. வலி இருக்கட்டும். அந்த வலியில் நாம் என்ன கேட்கிறோம், யாரை அடிக்கிறோம் என்பதில்தான் நிதானம் வேண்டும் என்கிறேன்.

ஒரே ஒரு கோல் இரண்டு கிளப்புகளை என்ன செய்தது என்று பாருங்கள். 1999 மே 8, சீசனின் கடைசி நாள். கார்லைல் யுனைடெட் ஜெயித்தால்தான் லீக்கில், அதாவது மேல் நான்கு பிரிவுகளுக்குள், தங்கும். பிளிமத் அணியுடன் 1-1, ஆட்டம் முடிய சில நொடிகள்தான் பாக்கி. ஒரு கார்னர். ஸ்விண்டன் கிளப்பிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் அந்தக் கோடி வரை ஓடினார். எதிரணி கோல்கீப்பர் தடுத்துத் திரும்பி வந்த பந்தை உள்ளே அடித்தார். கார்லைலுக்காக அவர் ஆடியது மொத்தமே மூன்று ஆட்டங்கள். கீழ்ப்பிரிவுக் கால்பந்தில் இதைவிடப் பெரிய கதை இல்லை என்று எல்லோரும் சொல்வோம், நானும் சொல்வேன்.

அந்தக் கோலால் லீக்கை விட்டு இறங்கியது ஸ்கார்பரோ. அவர்களுடைய ஆட்டம் 1-1 என்று முன்னமே முடிந்துவிட்டது. தப்பிவிட்டோம் என்று ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. 1987-இல் கான்ஃபரன்ஸ் எனப்பட்ட ஐந்தாம் பிரிவிலிருந்து லீக்குக்கு நேரடியாக ஏறிய முதல் கிளப் அவர்கள்தான். 2007-இல் கடன் தாங்காமல் கலைக்கப்பட்டார்கள். ஆனால் அதே வருடம் ரசிகர்கள் ஸ்கார்பரோ அத்லெட்டிக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் பத்து வருடம் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் ஆடி, 2017-இல்தான் ஊர் திரும்பினார்கள். தப்பித்த கார்லைல் மட்டும் எப்போதும் தப்பித்துக்கொண்டே இருந்ததா? 2004-இல் லீக்கை விட்டு இறங்கினார்கள், மறு வருடமே திரும்பினார்கள், 2025-இல் மறுபடியும் இறங்கினார்கள். ஏறுவதும் இறங்குவதும் நடந்துகொண்டேதான் இருக்கும். இறங்கிய கிளப் திரும்பி வரலாம். கலைந்த கிளப்பை மறுபடி கட்டி எழுப்ப ஒரு தலைமுறை தன் வார இறுதிகளையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பயத்தோடு பார்க்கிறோமே, அதுதான் நம் கோளாறு.

லூட்டன் டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-09 சீசனை அவர்கள் மைனஸ் 30 புள்ளியில் தொடங்கினார்கள். பழைய நிர்வாகங்கள் செய்த குளறுபடிக்குத் தண்டனை. இறங்கப்போவது ஆகஸ்டிலேயே தெரிந்த கதைதான். ஆனாலும் அந்த ஏப்ரலில் கீழ்ப்பிரிவு அணிகளுக்கான ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியாட்டத்துக்கு லண்டனின் வெம்பிளி மைதானத்துக்குச் சுமார் 40,000 லூட்டன் ரசிகர்கள் போனார்கள். ஸ்கன்தார்ப்பை 3-2 என்று ஜெயித்துக் கோப்பையோடு லீக்கை விட்டு வெளியே போனார்கள். அப்புறம் ஐந்து சீசன் ஐந்தாம் பிரிவில். 2014-இல் திரும்பி, 2023-இல் பிரீமியர் லீக் வரை ஏறினார்கள். அந்த ஐந்தாம் பிரிவு நாட்களிலிருந்தே அணியில் இருந்த பெல்லி ரடக் ம்பான்சு, ஒரே கிளப்போடு அங்கிருந்து பிரீமியர் லீக் வரை ஏறிய முதல் ஆட்டக்காரர் ஆனார். 2024-இல் இறங்கினார்கள், 2025-இல் இன்னொரு படி இறங்கினார்கள். இதில் எந்த வருடத்தில் நிறுத்திவிட்டு 'லூட்டன் இவ்வளவுதான்' என்று தீர்ப்பு எழுதுவீர்கள்? 2009-இல் வெம்பிளிக்குப் போன அந்த நாற்பதாயிரம் பேரிடம்தான் நான் சொல்கிற நிதானம் இருந்தது. அவர்கள் அழவும் செய்தார்கள், பாடவும் செய்தார்கள், கிளப்பை விட்டுப் போகவில்லை.

மேனேஜர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்ற வேண்டிய மேனேஜரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பாதியில் அனுப்பப்படுகிறவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் மீதி ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் கிளப்தான் ஈடு கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர் தனக்கு ஏற்ற ஆட்களைக் கேட்பார். இரண்டு சீசனில் மூன்று மேனேஜர் என்றால், ஒரே கிளப் மூன்று அணிக்குச் சம்பளம் கொடுக்கிற நிலை. மூன்று தோல்விக்கே 'வெளியே போ' என்று பாடுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

வீரர்களைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய மைதானத்தில் அறுபதாயிரம் பேர் கத்தினால் அது மொத்தமாக ஒரு இரைச்சல், தனித் தனி வார்த்தை யார் காதிலும் விழாது. நம் மைதானம் அப்படியா? இரண்டாயிரம் பேர், சில நாள் அதுவும் இல்லை. லெஃப்ட் பேக் த்ரோ எடுக்க வரும்போது முதல் வரிசைக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். நாம் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அவன் காதில் விழுகிறது. ஒரு முறை நான் பார்த்தேன். பத்தொன்பது வயசுப் பையன், லோனில் வந்தவன், ஒரு பேக் பாஸ் குறைந்துபோய் கோல் வாங்கிவிட்டோம். அதற்கப்புறம் அவன் அந்த ஓரத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் வாய் கூசாமல் திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு தம்பதி. அந்தப் பெண்மணி திரும்பிப் பார்க்கவே இல்லை, மடியில் இருந்த ஸ்கார்ஃபை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து பையன் கேலரிப் பக்கம் வந்து அவரைத்தான் கட்டிப்பிடித்தான். திட்டியவர் அதற்குள் போய்விட்டிருந்தார். அந்தப் பையன் அதற்குப் பிறகு நம் பக்கம் பந்தைக் கேட்கவே இல்லை. பாஸ் வந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவான். அவனை பயமுறுத்தி நாம் என்ன சாதித்தோம்? நம் அணியே பத்துப் பேரோடு ஆடியதுபோல ஆனது.

இந்தப் பிரிவுகளில் ஆடுகிறவர்களில் பலருக்கு ஒப்பந்தம் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. சீசன் முடிந்ததும் கிளப்புகள் 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று ஒரு பட்டியலை வெளியிடும். அதில் பெயர் இருந்தால் ஜூலையிலிருந்து சம்பளம் இல்லை. வீடு வாடகையில், குழந்தை பள்ளிக்கூடத்தில், முழங்காலில் ஒரு பழைய அடி. பிரீமியர் லீக்கில் வாரத்துக்கு இத்தனை லட்சம் வாங்குகிறார்கள் என்று படித்த கோபத்தை இந்த ஆளிடம் காட்டுவது நியாயமே இல்லை. அவர்களுக்கும் இவருக்கும் பொதுவாக இருப்பது பந்து மட்டும்தான்.

தடுமாறுகிற பையன் தடுமாறிக்கொண்டேதான் இருப்பான் என்றும் இல்லை. ஆலி வாட்கின்ஸ் எக்ஸிட்டர் சிட்டியின் அகாடமியில் வளர்ந்தவர். இளம் வயதில் அவரை ஆறாம் பிரிவில் இருந்த வெஸ்டன்-சூப்பர்-மேருக்கு லோனில் அனுப்பினார்கள். அதே ஆள்தான் 2024 யூரோ அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் அடித்து இங்கிலாந்தை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனார்.

எக்ஸிட்டரின் பெயர் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கிளப் கதை அது. 2003-இல் லீக்கை விட்டு இறங்கி, கடனில் மூழ்கிக் கிடந்தபோது ரசிகர்களின் டிரஸ்ட் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 0-0 என்று டிரா செய்தார்கள். மறு ஆட்டத்தில் 2-0 என்று தோற்றாலும் இரண்டு ஆட்டத்தின் வருமானமும் வந்தது. அந்தப் பணத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்ட்ரைக்கர் வாங்கி ஒரே வருடத்தில் ஏறிவிடலாம் என்று சூதாடவில்லை, கடனை அடைத்தார்கள். லீக்குக்குத் திரும்ப 2008 வரை ஆனது. மூன்று வருடம் பொறுத்தார்கள். அந்த ரசிகர்களுக்கு லட்சியம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

எதிர்த்திசையில் போனவர்களையும் பாருங்கள். போர்ட்ஸ்மத் 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. வருமானத்துக்கு மீறிய அணி. 2010-இல் திவால் நடவடிக்கைக்குள் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. 2013-இல் நான்காம் பிரிவில். கோப்பையிலிருந்து அங்கே வர ஐந்தே வருடம். அப்போது கிளப்பை வாங்கிக் காப்பாற்றியது ஆயிரம் பவுண்டு பங்குகளாகப் பணம் போட்ட ரசிகர்கள்தான். நான்கு வருடம் கழித்து, கடன் இல்லாத ஒரு கிளப்பாக, நான்காம் பிரிவை ஜெயித்துக் கொடுத்துவிட்டுத்தான் கைமாற்றினார்கள்.

வேல்ஸைச் சேர்ந்த ரெக்ஸம் கிளப்பைக் காட்டி என்னிடம் வாதம் செய்கிறவர்கள் அதிகம். '2023, 2024, 2025, வரிசையாக மூன்று முறை ஏறினார்களே, பணம் இறங்கியதால்தானே?' உண்மைதான். சந்தோஷமான கதை, நானும் ரசித்துப் பார்த்தேன். ஆனால் 2021-இல் ஹாலிவுட்டிலிருந்து இருவர் வந்து வாங்குவதற்கு அங்கே ஒரு கிளப் உயிரோடு இருந்தது அல்லவா? 2011 முதல் பத்து வருடம் ஐந்தாம் பிரிவிலேயே, பரிசு எதுவும் பெரிதாக வராமல், அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் ரசிகர்கள். எந்த வருடமும் ஏறவில்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம். அந்தப் பத்து வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கடைசி நாலு வருடத்தை மட்டும் கேட்காதீர்கள்.

நிதானம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எந்த ஓனராவது இந்தக் கடிதத்தைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2002-இல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தபோது ரசிகர்கள் அடங்கிப் போயிருந்தால் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று ஒன்று இருந்திருக்காது. பொதுப் பூங்காவில் ஆள் தேர்வு நடத்தி அணி அமைத்து, ஒன்பது வருடத்தில் ஐந்து முறை ஏறி 2011-இல் லீக்குக்குள் வந்தவர்கள் அவர்கள். 2020-இல் பழைய மைதானம் இருந்த ப்ளவ் லேனுக்கே திரும்பிவிட்டார்கள். கோபம் வேண்டிய இடத்தில் கோபப்பட்டார்கள். நம் கோபம் ஒரு லெஃப்ட் பேக்கின் பேக் பாஸில் தீர்ந்துபோகிறது. மைதானம் யார் பெயரில் இருக்கிறது, எதற்கு அடமானம் வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி வரும்போது நம்மிடம் மூச்சு மிச்சமில்லை.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் கிளப்பின் வருடாந்திரக் கணக்கு வெளிவந்தால் படியுங்கள். எல்லாம் புரிய வேண்டியதில்லை. மொத்த வருமானத்தில் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது, ஓனர் கொடுத்தது கடனா முதலீடா, மைதானம் கிளப்புக்குச் சொந்தமா, இந்த மூன்றையும் தேடுங்கள். ரசிகர் சந்திப்பில் மைக் கிடைத்தால் 'எப்போது ஸ்ட்ரைக்கர் வாங்குவீர்கள்' என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அப்போது கத்துங்கள், நானும் உங்களோடு நின்று கத்துகிறேன். இங்கிலாந்தில் இதற்கென்றே 2025-இல் சட்டம் இயற்றிச் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள், முதல் ஐந்து பிரிவு கிளப்புகளும் அதன் கீழ் வருகின்றன. பரி ரசிகர்கள் 2019-இல் பட்ட பாடு அதற்கு ஒரு முக்கியமான காரணம். அப்படி ஒரு அமைப்பு இருந்தாலும் அதன் முன் சரியான கேள்வியை வைக்க வேண்டியது அந்தந்த கிளப்பின் ரசிகன்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பையனைத் தரக்குறைவாகத் திட்டினால், 'அண்ணே, போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றைக்கு நானும் என் வரிசையில் இருந்த மற்றவர்களும் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெரிய சண்டை எல்லாம் தேவையில்லை, பெரும்பாலானவர்கள் ஒரு வார்த்தையில் அடங்கிவிடுவார்கள்.

உங்கள் கிளப்புக்கு ரசிகர் டிரஸ்ட் இருந்தால் உறுப்பினராகச் சேருங்கள். இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து தொடங்குங்கள். எக்ஸிட்டரிலும் போர்ட்ஸ்மத்திலும் ரெக்ஸமிலும் கிளப் விழுகிற நேரத்தில் கை கொடுக்க டிரஸ்ட் என்று ஒன்று முன்னமே இருந்தது. விழுந்த பிறகு அதைத் தொடங்க நேரம் இருக்காது.

புதிய சீசன் டிக்கெட் விற்பனைக்கு வந்ததும், போன சீசனில் எத்தனையாவது இடம் என்று பார்க்காமல் வாங்கிவிடுங்கள். வெயில் காலத்தில் ஆட்டம் இல்லாத அந்த இரண்டு மூன்று மாதத்தில் சின்ன கிளப்புகளுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பணம்தான்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு கீழ்ப்பிரிவு ரசிகன்